அம்மான் கட்டிய மணல் வண்டி

பழைய வண்டி ஒன்றைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்ததும் எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "எல்லாம் ஒரிஜினலா?" என்பதுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைப் பார்த்துப் பழகிய கண்கள் அவை. பர்மா தேக்குத் தூணோ, எனாமல் கேரியரோ, சுவர்க் கடிகாரமோ, எதுவானாலும் திருப்பிப் பார்த்து, பின்னால் ஒட்டவைத்தது ஏதாவது உண்டா என்று தடவிய பிறகுதான் விலை பேசுவார்கள்.

தேவகோட்டையில் என் ஆயா (அம்மாவைப் பெற்றவர்) வீட்டுக் கார் கொட்டகையில் நிற்கும் டூன் பக்கி என்ற மணல் வண்டியிடம் இந்தக் கேள்வி செல்லாது. அடித்தட்டும் என்ஜினும் ஜெர்மனியில் செய்த ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுடையவை. முன்விளக்குகள் அம்பாசடரிலிருந்து வந்தவை. ஸ்டியரிங் வீல் ஜீப்புக்குச் சொந்தம், இருக்கைகள் ஃபியட்டுக்கு. உடல் முழுவதும் என் அம்மானும் அவருடைய நண்பர்களும் கையால் கட்டியது. இதை அசல் நிலைக்குக் கொண்டுபோவதென்றால் எந்த நிலைக்கு? பீட்டிலாக இருந்த நாளுக்கா, அம்மான் அதை வெட்டிய நாளுக்கா, ஓடி ஓடிப் பழுதாகி அவர் இஷ்டத்துக்கு மாற்றிய நாளுக்கா?

கேள்வி என்னுடையது மட்டுமல்ல, இந்த வண்டிச் சாதிக்கே உரியது. கலிஃபோர்னியாவின் மணல்மேடுகளில் பழைய கார்களின் உடலைக் கழற்றிப்போட்டு வெறும் சட்டத்தை ஓட்டித் திரிந்தவர்கள் முன்பே இருந்தார்கள். அதற்கு ஒரு முகம் கொடுத்தவர் ப்ரூஸ் மேயர்ஸ். 1964இல் நியூபோர்ட் பீச்சில் அவர் செய்த சிவப்பு வண்டிதான் மேயர்ஸ் மேன்க்ஸ் வரிசையில் முதலாவது. அவர் கார் பொறியாளர் அல்லர். ஃபைபர் கண்ணாடிப் படகு கட்டத் தெரிந்தவர். இரண்டாம் உலகப் போரில் பங்கர் ஹில் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து, 1945 மே மாதம் ஜப்பானியத் தற்கொலை விமானங்கள் அதைத் தாக்கியபோது பிழைத்தவர். முதலில் செய்த சில வண்டிகளில் ஃபைபர் உடலே சட்டத்தின் வேலையையும் பார்த்தது. அது கட்டுப்படியாகவில்லை. அதனால் பீட்டிலின் அடித்தட்டின் நீளத்தில் 36 சென்டிமீட்டரைக் குறைத்து, அதன்மேல் உடலை உட்காரவைக்கும் முறைக்கு மாறினார். விபத்தில் நசுங்கிய பீட்டில் மலிவாகக் கிடைக்கும், நசுங்கியது மேல்கூடுதானே!

மணலுக்குப் பீட்டில் பொருந்தியதற்குக் காரணம் உண்டு. அதற்கு ரேடியேட்டர் கிடையாது, காற்றாலேயே குளிர்ந்துவிடும். என்ஜின் பின்னால் இருக்கிறது, அது சுழற்றும் சக்கரங்களும் பின்னால். என்ஜின் பாரம் முழுவதும் அந்தச் சக்கரங்களை அழுத்துவதால் மணலில் பிடிப்புக் கிடைக்கிறது. முன்பக்கம் லேசாக இருப்பதால் மூக்கு புதைவதில்லை. 1967இல் மேயர்ஸின் அந்தச் சிவப்பு வண்டி மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தை 34 மணி 45 நிமிடத்தில் கடந்து, மோட்டார் சைக்கிள்கள் வைத்திருந்த சாதனையை முறித்தது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அவர் விற்ற உடல்கள் சுமார் 6,000. அதைப் பார்த்து அச்செடுத்து உலகெங்கும் பிறர் விற்றவை இரண்டரை லட்சம் என்று கணக்குச் சொல்கிறார்கள். காப்புரிமை வழக்குப் போட்டார், தோற்றார். 2021இல், 94 வயதில் காலமானார்.

என் அம்மான் அந்த இரண்டரை லட்சத்தில்கூடச் சேர மாட்டார். அவரிடம் அச்சே இல்லை. 1970களின் இறுதியில் சென்னையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் வாங்கிய வெளிநாட்டு மோட்டார் இதழொன்றில் இரண்டு படங்கள், சோழவரம் பழைய விமானத் தளத்தில் பந்தயம் பார்த்துப் பார்த்து ஏறிய பித்து, இவ்வளவுதான் மூலதனம். தூதரகத்தார் விட்டுப்போகும் கார்கள் எஸ்.டி.சி. என்ற அரசு வணிகக் கழகம் வழியாக விற்பனைக்கு வந்த காலம் அது. அப்படி வந்த பீட்டில் ஒன்று கைமாறிக் கைமாறி, கடைசியில் ஒரு மரத்தில் மோதி மேல்கூடு நசுங்கிக் கிடந்தது. அதை வாங்கத் தன் கைக்கடிகாரத்தை விற்றதாக அம்மான் சொல்கிறார். அந்தக் கடிகாரம் காணாமல் போனது என்றுதான் ஆயாவுக்குக் கடைசிவரை தெரியும்.

படிப்பு முடிந்து ஊருக்கு வரும்போது வண்டியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். முந்திரித் தோப்பிலும் பொட்டலிலும் சில ஆண்டுகள் ஓடிய பிறகு கொட்டகைக்குப் போனது. அதன்மேல் ஓலைப்பாய், பாயின்மேல் கல்யாணப் பாத்திரங்கள், பாத்திரங்களின்மேல் உடைந்த நாற்காலிகள். எங்களுடைய வீடுகளில் எதையும் தூக்கி எறிய மாட்டோம், அடுக்கிவிடுவோம்.

வேலை தொடங்கும் முன்பே அம்மானும் நானும் ஒன்றை முடிவு செய்துகொண்டோம். உயிருக்கு ஆபத்தானது எதுவோ அதைத் தயங்காமல் மாற்றுவது. மற்றபடி அவர் கை பட்ட இடம் தாங்குமானால் அப்படியே விடுவது. இந்த இரண்டுக்கும் நடுவே நாங்கள் போட்ட சண்டைகளே இந்த வேலையின் பெரும்பகுதி.

முதல் சண்டை அடித்தட்டைப் பற்றியது. பீட்டிலின் நடுவே முதுகெலும்பாக ஓர் இரும்புக் குழாய்ப் பெட்டி ஓடுகிறது. கியர் கம்பியும், கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள்களும் அதற்குள்தான் போகின்றன. வண்டியைக் குறுக்கும்போது இதை அறுத்து, நடுத்துண்டை எடுத்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும். உள்ளே போகும் கம்பியையும் கேபிள்களையும் அதே அளவுக்குக் குறைக்க வேண்டும். ஒட்டு விட்டால் வண்டி ஓடும்போதே இரண்டாக மடியும். "அன்று பற்றவைத்தவர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர், ஒன்றும் ஆகாது" என்றார் அம்மான். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய நற்சான்றிதழை நம்பி நான் உட்காரத் தயாராக இல்லை.

எக்ஸ்ரேக்கு எங்கே போவது? காரைக்குடி வெல்டிங் பட்டறைக்காரர் பழைய வழி ஒன்றைச் சொன்னார். பற்றவைத்த இடத்தைச் சுத்தம் செய்து, ஒருபுறம் சுண்ணாம்பு அடித்துக் காயவிட வேண்டும். மறுபுறம் மண்ணெண்ணெய் தடவ வேண்டும். மயிரிழை விரிசல் இருந்தாலும் மண்ணெண்ணெய் அதன் வழியே ஊறி, வெள்ளைச் சுண்ணாம்பில் ஈரக் கோடாகத் தெரிந்துவிடும். சுவருக்குச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து பூசிய ஊரில் சுண்ணாம்புக்கா பஞ்சம்? இடப்பக்கக் கீழ்முனையில் மட்டும் விரலளவு கோடு விழுந்தது. அந்த இடத்தைத் தோண்டி மறுபடி பற்றவைத்து, குழாய்ப் பெட்டியின் இருபுறமும் தகட்டுப் பட்டை வைத்து வலுப்படுத்தினோம். அம்மான் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. கப்பல் பட்டறைக்காரரின் மிச்ச ஒட்டு அத்தனையும் உறுதியாக இருந்தது என்று நான் நான்கைந்து முறை சொல்ல வேண்டியிருந்தது.

துரு எதிர்பார்த்ததைவிடக் குறைவு. எங்கள் பக்கம் காற்றில் ஈரம் கொஞ்சம்தான். துருவைப் பற்றி ஆராய நாட்டுக்கே பெரிய ஆய்வகம் காரைக்குடியில் இருப்பதும் ஒரு விநோதம்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் நாளில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம். ஊரில் சிக்ரி என்றால்தான் தெரியும். இரும்பை அரிப்பது காற்றா, தண்ணீரா, உப்பா என்று அங்கே ஆண்டுக்கணக்கில் பார்க்கிறார்கள். எங்கள் வண்டியை அரித்தது இந்த மூன்றும் அல்ல, பேட்டரி. பீட்டிலில் பேட்டரி பின்னிருக்கைக்கு அடியில் வலப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அமிலம் சொட்டிச் சொட்டித் தரைத்தகடு சல்லடையாகியிருந்தது. அந்தச் சதுரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து, ரெட் ஆக்சைடு அடித்து, பேட்டரிக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் வைத்தாயிற்று.

இனி ஃபைபர். இதைத்தான் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் நான் மிகவும் ரசித்தது இதைத்தான்.

ஆத்தங்குடிக் கல் செய்வதை நேரில் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிப் பலகையை அடியில் வைத்து, வடிவத் தகட்டுக்குள் முதலில் வண்ணக் குழம்பை ஊற்றுவார்கள். அதன்மேல் உலர்ந்த சிமென்டும் மணலும், அதற்கும் மேல் ஈரக் கலவை. கடைசியில் கண்ணாடி விலகும்போதுதான் கல்லின் முகம் தெரியும். முகத்தை முதலில் செய்து முதுகைப் பிறகு கட்டும் முறை. ஃபைபர் உடலும் ஒழுங்கான பட்டறையில் இப்படித்தான் பிறக்கிறது. வழவழப்பான அச்சுக்குள் முதலில் ஜெல்கோட் என்ற வண்ணப் பூச்சு, பிறகு கண்ணாடி இழைப் பாயும் ரெசின் என்ற பிசினும் அடுக்கடுக்காக. அச்சிலிருந்து உரித்தால் பளபளவென்று வெளிப்புறம் தயார்.

அம்மானிடம் அச்சு இல்லை என்றேன் அல்லவா? அவர் தலைகீழாகச் செய்தார். மரச்சட்டம் அடித்து, அதன்மேல் கோணி விரித்து, பிளாஸ்டர் பூசி வண்டி வடிவத்தில் ஒரு பொம்மை கட்டினார். அதன்மேல் இழைப் பாயை ஒட்டி ரெசினால் நனைத்தார். காய்ந்ததும் உள்ளிருந்த பொம்மையை உடைத்து எடுத்தார். இந்த முறையில் வழவழப்பு உள்ளே போய்விடும், வெளிப்புறம் கரடுமுரடாக நிற்கும். அதை மறைக்கப் பட்டி, அதற்கும் மேல் பட்டி. சில இடங்களில் விரல் தடிமன் இருந்தது. பட்டி ஃபைபரைப் போல வளையாது. பொட்டலில் குதித்து ஓடிய வண்டியில் அது சிலந்தி வலையாக வெடித்துக் கிடந்ததில் வியப்பில்லை.

ஊரில் கார் பெயிண்டர்களைக் கேட்டேன். எல்லோரும் மேலே இன்னொரு கை பட்டி போட்டு அடித்துத் தருகிறேன் என்றார்கள். பிறகுதான் இது காரே அல்ல, படகு என்று உறைத்தது. தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகப் போனால் தொண்டி. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன, அவற்றைச் சரிசெய்யும் ஆட்களும் பெருகினார்கள். அவர்களில் ஒருவரை அழைத்துவந்தேன். எங்களுக்கு அவர் ஃபைபர் அண்ணன். வண்டியை ஒரு சுற்று வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து உடல் முழுவதும் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீரென்ற ஓசை, அடுக்குகள் பிரிந்த இடத்தில் செத்த ஓசை. செத்த இடங்களில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். முடித்துவிட்டு, "செட்டியாரே, இதைக் கட்டியவர் படகு கட்டப் பழகியிருந்தால் நன்றாக வந்திருப்பார்" என்றார். அம்மானுக்கு அது பாராட்டா, வசையா என்று இன்றுவரை தெளிவாகவில்லை.

அண்ணனின் முறை பொறுமையைச் சோதிப்பது. விரிசலை வெளியே மூடுவதில் பயனில்லை. உட்புறத்திலிருந்து பழைய இழையை அகலமாகச் சரிவாய்த் தேய்த்து இறக்க வேண்டும். சரிவு எவ்வளவு அகலமோ அவ்வளவு பிடிப்பு. பிறகு சிறிய துண்டிலிருந்து பெரிய துண்டுவரை இழைப் பாயை வரிசையாக ஒட்டி, உருளையால் காற்றுக் குமிழைப் பிதுக்க வேண்டும். ரெசினில் முதலில் இறுகுவதைத் துரிதப்படுத்தும் கோபால்ட்டைக் கலந்து நன்றாகக் கலக்கிய பிறகே, இறுகவைக்கும் ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். கோபால்ட்டும் ஹார்டனரும் நேரடியாக ஒன்றையொன்று தொட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். இரண்டு புட்டிகளையும் அண்ணன் கொட்டகையின் இரண்டு மூலைகளில் வைத்திருந்தார்.

எங்கள் ஊர் வெயில் இன்னொரு வில்லன். நூற்றுக்கு இரண்டு பங்குவரை ஹார்டனர் சேர்க்கலாம் என்று டப்பாவில் போட்டிருக்கும். சித்திரை வெயிலில் அந்த அளவைப் போட்டால் தூரிகையை நனைப்பதற்குள் கிண்ணத்தில் கட்டியாகிப் புகையும். அண்ணன் ஒரு பங்கைத் தாண்டவில்லை. அதுவும் விடியற்காலையில் மட்டும். வெயில் முற்றத்தில் இறங்கியதும் வேலையை நிறுத்திவிட்டு இட்லிக்கு உட்கார்ந்துவிடுவார். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலில் ஏறினால் அரிப்பு உயிரை வாங்கும். வெந்நீரில் குளிக்கக் கூடாது, தோலின் துளைகள் திறந்து தூள் இன்னும் உள்ளே இறங்கும் என்றார். முகமூடி இல்லாமல் யாரையும் கொட்டகைக்குள் விடவில்லை.

வெளியே பழைய பட்டியை முழுவதும் சுரண்டி எடுத்தோம். உள்ளே ஓரிடத்தில் உப்புத்தாளோடு போன அண்ணனை அம்மான் கையைப் பிடித்து நிறுத்தினார். டாஷ்போர்டுக்கு அடியில், பிளாஸ்டர் மெல்லியதாக விழுந்த இடத்தில், கோணியின் நெசவு அப்படியே ஃபைபரில் பதிந்திருந்தது. ஓட்டுபவர் குனிந்து பார்த்தால்தான் தெரியும். அதைத் தேய்க்கவில்லை. பழம்பொருள் கடைக்காரர் அதைக் குறை என்பார். எனக்கு இந்த வண்டியில் விலைமதிப்பான இடம் எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

என்ஜினைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1192 சி.சி., எதிரெதிராகப் படுத்த நான்கு சிலிண்டர்கள், காற்றால் குளிர்வது. நான்கு போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் என்பார்கள், வந்தது. இறுகிக் கிடந்த பிஸ்டன்களுக்கு டீசல் ஊற்றி ஊறவைத்துக் காத்திருந்தோம். இந்த என்ஜினின் நோய் மூன்றாம் சிலிண்டரில் இருக்கிறது. ஆயில் கூலர் காற்று வரும் வழியில் நிற்பதால், அந்தச் சிலிண்டருக்குக் கிடைப்பது ஏற்கெனவே சூடான காற்று. எங்களுடையதிலும் எக்ஸாஸ்ட் வால்வு கருகியிருந்தது அங்கேதான். போதாக்குறைக்கு, என்ஜின் பார்க்க அழகாகத் தெரியட்டும் என்று அம்மான் சுற்றிலும் இருந்த தகர மறைப்புகளைக் கழற்றியிருந்தார். கீழிருந்து எழும் வெப்பக்காற்றை என்ஜின் விசிறி மறுபடி இழுத்துவிடாமல் தடுப்பவை அவை. தகரக் கடையில் அட்டை மாதிரி கொடுத்து மூன்றும் புதிதாகச் செய்து பொருத்தினேன். "அசிங்கமாக இருக்கிறது" என்றார். இருக்கட்டும்.

விசிறியைச் சுற்றுவது டைனமோவின் தண்டு. ஆகவே டைனமோவைத் தூக்கிப்போட்டு நம் ஊர் கார் ஆல்டர்னேட்டரை அப்படியே மாட்ட முடியாது. ஆர்மச்சர் சுற்றும் கடையில் பழையதற்கே புது உயிர் வந்தது. ஃப்ளைவீலைப் பிடித்திருப்பது ஒரே ஒரு 36 மில்லிமீட்டர் நட்டு. அதை முறுக்க, ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஏறக்குறைய 30 கிலோ தொங்கும் அளவுக்கு விசை வேண்டும். அளவு பார்க்கும் ஸ்பேனர் இல்லாததால் ஒரு மீட்டர் குழாயைச் செருகி, அதன் நுனியில் 25 கிலோ அரிசி மூட்டையையும் ஐந்து கிலோ படிக்கல்லையும் தொங்கவிட்டோம். மற்ற உதிரிகளுக்குத் திண்டாட்டம் இல்லை. 2003 ஜூலை வரை மெக்சிகோவில் பீட்டில் தயாரானது, உலகெங்கும் சேர்த்து மொத்தம் இரண்டு கோடியே பதினைந்து லட்சத்துக்கும் மேல். இவ்வளவு பிறந்த ஒன்றுக்குப் புது உதிரி செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பிரேக்கிலும் பெட்ரோல் குழாயிலும் சண்டைக்கே இடம் கொடுக்கவில்லை. பழைய பீட்டிலில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ப் பாதைதான். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போகும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிப் பாதையுள்ள மாஸ்டர் சிலிண்டரை வாங்கி மாட்டினேன். இப்போது பங்க்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இளக்கிவிடும் என்பதால் குழாய்கள் அத்தனையும் புதிது.

முன்னோருக்குப் படைக்கும் மாசிப் படைப்புக்குப் பங்காளிகள் வந்தபோது வண்டி முகப்பில் சக்கரமில்லாமல் கட்டைமேல் நின்றது. கொட்டகை எல்லாப் புள்ளிகளுக்கும் (வீட்டில் பங்குள்ள குடும்பங்களுக்கும்) பொது, படைப்புச் சமையலுக்குக் காலி செய்தாக வேண்டும். ஆளுக்கொரு யோசனை. கோலாலம்பூரிலிருந்து வந்தவர், அங்கே இதற்கு நல்ல விலை கிடைக்கும் என்றார். இன்னொருவர் விண்டேஜ் கார் என்று பதிவு செய்துவிடச் சொன்னார். 2021இல் வந்த விதிகளைப் படித்துப் பார்த்தேன். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும், கட்டணம் 20,000 ரூபாய், எண்ணில் விஏ என்ற எழுத்து வரும். அதெல்லாம் சரி. ஆனால் வண்டியின் அடிச்சட்டத்திலோ உடலிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. எங்கள் வண்டியில் மாற்றம் செய்யாத இடத்தைத்தான் தேட வேண்டும். விதி செய்தவர்களும் கேட்பது முனீஸ்வரன் கோயில் தெருக் கேள்வியைத்தான். ஆகவே இது சாலைக்கு வராது. தோப்புக்குள், எங்கள் சொந்தச் செம்மண்ணில் ஓடும். எனக்கு அதில் வருத்தம் இல்லை, மணலில் ஓடப் பிறந்ததுதானே.

பெயிண்ட் மட்டும் பாக்கி. அம்மான் மஞ்சள் என்கிறார், அவருடைய மகள் பச்சை என்கிறாள். கணக்கை முடித்துப் பணம் வாங்க வந்த ஃபைபர் அண்ணன், கிளம்பும்போது தயங்கி நின்றார். தொண்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரர் இந்த வண்டியின் படத்தைப் பார்த்துவிட்டு இதேபோல ஒன்று கேட்கிறாராம். "செட்டியாரே, பெயிண்ட் அடிக்கும் முன் இதிலிருந்து ஓர் அச்சு எடுத்துக்கொள்ளட்டுமா?"

அம்மான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"தாராளமாக எடுத்துக்கொள் தம்பி. ஆனால் பின்பக்க மட்கார்டை மட்டும் இரண்டு அங்குலம் உயர்த்திவிடு. அது எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை."